ஒப்பாரியில் பழகிய செவி

மடுவுக்குப் போய்வருகிற குடும்பத்தின் வீட்டில் எந்த இசை ஒலிக்கலாம்? மன்னார்க் கரையிலிருந்து ஒரு கிறிஸ்தவ இரசிகரின் பரிந்துரைகள்.

"நல்ல கிறிஸ்தவப் பாட்டு இறுவட்டு ஏதும் இருந்தால் சொல்லுங்கோ" என்று கேட்பவர்கள் மன்னாரில் குறையவே இல்லை. இறுவட்டைப் போட்டுக் கேட்கும் கருவி பல வீடுகளில் இப்போது இல்லை; கைப்பேசிக்கு இணைப்பை அனுப்பினால் போதும் என்கிறார்கள். கேள்வி மட்டும் பழையதுதான். மடு மாதா திருத்தலத்தில் ஆடித் திருவிழா முடிந்து, கூடாரம் பிரித்து, சாமான்களை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும் நாள்களில் அது கூடுதலாக வரும். நவநாள் செபங்களும் திருநாள் திருப்பலியும் காதுக்குள் நிற்கும்போது, வீட்டுக்குள் நுழைந்தவுடன் சினிமாப் பாட்டைப் போட மனம் வராது. அப்படியானால் எதைக் கேட்பது?

புதிதாக வந்த பத்துத் தொகுப்புகளின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். அது பதிலாகாது. எந்தச் செவி கேட்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மன்னார்க் கரையின் கிறிஸ்தவச் செவி அழுகையில் பழகியது. 1544இல் மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற மக்களை யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி வாளுக்கு இரையாக்கினான். அவர்கள் அறுநூறு பேர் அளவில் என்று வரலாறு சொல்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டுக்குள் போனதாக மரபு. மடுவின் கதையே இப்படி ஓர் இடப்பெயர்வில்தான் தொடங்குகிறது. 1999 நவம்பரில் அந்தத் திருத்தலத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் எறிகணை வீச்சில் செத்து விழுந்தார்கள். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது சொரூபம் மறுபடியும் இடம்பெயர்ந்தது. தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டு, ஓகஸ்ட் மாதம் மடுவுக்குத் திரும்பியது. தாயே இரண்டு முறை இடம்பெயர்ந்த ஊர் இது. இங்கே கேட்கப்படும் இசைக்குத் துயரத்தைத் தாங்கும் வலு வேண்டும்.

ஆகவே என் அளவுகோல் ஒன்றுதான்: பிள்ளையைத் தொலைத்த ஒரு தாய் இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு அதே அறையில் இருக்க முடியுமா? முடியும் என்றால் அது நமக்கு உரிய இசை. அதைப் பாடியவர் எந்தச் சபை, எந்த மொழி, எந்த மதம் என்பதெல்லாம் அடுத்த கேள்விகள்.

விவிலியத்துக்கு இது புதிதல்ல. திருப்பாடல்கள் 150இல் பெரும் பங்கு முறைப்பாடும் புலம்பலும்தான். 88ஆம் திருப்பாடல் கடைசி வரைக்கும் ஆறுதலுக்குத் திரும்பாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதை யாரும் திருநூலிலிருந்து வெட்டி எறியவில்லை. சிலுவையில் தொங்கியவரே 22ஆம் திருப்பாடலின் முதலடியைத்தான் சொல்லிக் கதறினார். புகழ்ச்சி மட்டும்தான் செபம் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்தோ பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

தலைமன்னாரில் இறங்கியவர்

என் முதல் பரிந்துரை எந்தக் கடையிலும் கிடைக்காது. தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் பாடப்படும் ஓர் ஆலயத்தைத் தேடிப் போய், ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து கேளுங்கள்.

அதை எழுதியவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். கோவாவில் பிறந்த கொங்கணிக்காரர். 1705இல் ஓரட்டோரியன் சபைக் குருக்களோடு தலைமன்னாரில் கரையிறங்கினார். அப்போது கரையோரம் ஒல்லாந்தர் கையில். கத்தோலிக்கக் குரு என்று தெரிந்தால் பிடிபட வேண்டியதுதான். புனித யோசேவாஸ் அடிகளார் வேடம் மாறி நடந்த அதே காட்டுப் பாதைகளில் இவரும் நடந்தார். தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரண்டிலும் நூல்கள் எழுதி, 1742இல் போலவத்தையில் இறந்தார். ஆண்டவருடைய பாடுகளை அவர் தமிழில் வியாகுலப் பிரசங்கமாக எழுதினார்; சிங்களத்தில் துக்பிராப்தி பிரசங்கமாக எழுதினார். நமது ஆலயத்திலும் நீர்கொழும்பு ஆலயத்திலும் பெரிய வெள்ளிக்கு முன் எழும் அழுகையை ஒரே கை எழுதித் தந்திருக்கிறது. நாட்டை இரண்டாக்கிய முப்பது ஆண்டுப் போருக்குப் பிறகும் இதை நாம் உரத்துச் சொல்லாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

வியாகுலப் பிரசங்கத்தின் அமைப்பை ஒருமுறை கவனித்தால் பிறகு காது விடாது. ஒருவர் எழுந்து உரைநடையை இராகம் கூட்டி வாசிப்பார். அது பேச்சும் அல்ல, பாட்டும் அல்ல. கெத்சமனியில் தொடங்கும் கதை ஓர் இடத்தில் நிற்கும். அந்த இடத்தில் புலம்பல் எழும்பும்; கூட்டம் அதை ஏந்திக்கொள்ளும். செத்த வீட்டில் தாய்மார் ஒப்பாரி வைக்கும் அதே இழுப்பு, அதே இறக்கம். மரியாள் தன் மகனின் உடலுக்கு முன்னால் இந்த ஊர்ப் பெண்ணாகவே அழுகிறாள். அழுகை தணிந்ததும் வாசிப்பவர் மறுபடியும் கதையை எடுப்பார். கதை, அழுகை, கதை, அழுகை என்று இரவு நகரும்.

இதே காலத்தில் ஐரோப்பாவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். 1727இல் பெரிய வெள்ளியன்று லீப்சிக் நகரின் புனித தோமா ஆலயத்தில் யொகான் செபஸ்தியான் பாக் தன் மத்தேயு பாடுகளை அரங்கேற்றினார். அங்கும் ஒருவர் நற்செய்தியை இராகம் கூட்டிச் சொல்லிக்கொண்டு போவார். இடையிடையே சபைக்குப் பழகிய பாடல் எழுந்து கதையை நிறுத்தும். 1736இல் நேப்பிள்ஸ் பக்கத்தில், இருபத்தாறு வயதில் சாகக் கிடந்த பெர்கொலேசி, சிலுவையடியில் நின்ற தாயைப் பற்றிய இலத்தீன் கவிக்கு இசை எழுதி முடித்தார். 1742 ஏப்ரலில் டப்ளினில் ஹெண்டலின் மெசையா முதன்முதல் பாடப்பட்டது. அந்த ஆண்டு ஜூலையில்தான் கொன்சால்வெஸ் அடிகளார் கண்ணை மூடினார். இவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். பாடுகளின் கதையை மக்கள் கேட்டுவிட்டுப் போய்விடக் கூடாது, இடையில் புகுந்து அழ வேண்டும் என்பது மட்டும் லீப்சிக்கிலும் வன்னிக் காட்டிலும் ஒரே மாதிரித் தெரிந்திருக்கிறது.

மேற்கத்திய இசைக்குப் பழகாதவர்கள் பாக்கிலிருந்து தொடங்க வேண்டாம். ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் ஓடும் அது பயமுறுத்திவிடும். பெர்கொலேசியின் 'ஸ்தாபாத் மாத்தர்' முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். உயர்ந்த குரல் ஒன்று, தாழ்ந்த குரல் ஒன்று, சில நரம்புக் கருவிகள், ஓர் ஓர்கன், அவ்வளவுதான். முதல் பகுதியில் இரண்டு குரலும் ஒன்றின் மேல் ஒன்று உரசிக்கொண்டு மேலே ஏறும். ஒன்று விட்டுக்கொடுக்கும்வரை மற்றது நகராது. வியாகுலப் பிரசங்கத்தில் இரண்டு கிழவிகள் ஒரே புலம்பலைச் சற்று முன்பின்னாக இழுக்கும்போது கேட்கும் உரசல் அது. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

வெட்டப்பட்ட கைகள்

மன்னாரின் கத்தோலிக்க இசை கோவிலுக்குள் மட்டும் இருந்ததில்லை. ஆலய முற்றத்தில் மேடை கட்டி, மத்தளமும் சல்லாரியும் முழங்க, விடிய விடிய ஆடிய நாட்டுக்கூத்தும் வாசாப்பும் அதன் மறுபாதி. அண்ணாவியார் பாட, பிற்பாட்டுக்காரர் ஏந்த, புனிதர்களின் கதையும் அரசர்களின் கதையும் ஊருக்குள் இறங்கின. பேசாலையின் உடக்குப்பாஸ் என்ற பாடுகளின் நாடகம் வடபுலம் முழுக்கப் பெயர்பெற்றது. கூத்து ஏடுகள் பெட்டிக்குள் செல்லரித்துக் கிடந்த காலத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவற்றை அச்சேற்ற முனைந்தார்: 1964இல் என்றீக் எம்பரதோர் நாடகம், 1966இல் மூவிராசர் நாடகம், 1967இல் ஞானசவுந்தரி நாடகம். அந்த மூன்று நூல்களும் இல்லாவிட்டால் நம் பாட்டன்மார் பாடியது என்னவென்றே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். ஆனால் அச்சில் வந்தது சொல் மட்டுமே. மெட்டு அண்ணாவிமாரின் தொண்டையில் இருந்தது. அவர்களில் பலர் மெட்டோடு சேர்ந்தே போய்விட்டார்கள்.

ஞானசவுந்தரியின் கதை தெரியாத கத்தோலிக்க வீடு ஒருகாலத்தில் இந்தக் கரையில் இருந்திருக்காது. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் காட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு இரு கைகளும் வெட்டப்பட்ட பெண்; மாதாவின் அருளால் அந்தக் கைகள் திரும்ப வளர்கின்றன. 1948இல் இதே கதையை இரண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுத் தமிழில் படமாக்கின. ஜெமினியின் படம் எடுபடவில்லை. சிட்டாடல் நிறுவனம் எம்.வி. ராஜம்மாவையும் டி.ஆர். மகாலிங்கத்தையும் நடிக்கவைத்து எடுத்த படம் ஓடு ஓடென்று ஓடியது. அதற்கு இசை எஸ்.வி. வெங்கட்ராமன். அதில் சிறுமி ஒருத்தி மாதாவின் சொரூபத்துக்கு முன் மன்றாடத் தொடங்குவாள். பாட்டு நடக்க நடக்கவே வளர்ந்து பெண்ணாகிவிடுவாள். சிறுமிக்கு ஜிக்கியும் பெண்ணுக்குப் பி.ஏ. பெரியநாயகியும் குரல் கொடுத்தார்கள். ஓர் ஆயுளின் செபத்தைச் சில நிமிடங்களுக்குள் அடக்கிய பாட்டு அது. அந்தப் படத்தின் பாடல்களைக் கட்டாயம் தேடிக் கேளுங்கள். பழைய இசைத்தட்டின் கரகரப்போடு கிடைத்தால் இன்னும் நல்லது. பின்னாளில் மேளம் சேர்த்துப் புதுப்பித்த பதிப்புகளில் ஜிக்கியின் குழந்தைக் குரல் அமுங்கிப்போகிறது.

கை, கால் இழந்து மடுவுக்கு வரும் எத்தனையோ பேரை நாம் பார்த்திருக்கிறோம். போர் முடிந்த பிறகு, 2015 ஜனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் மடுவுக்கு வந்தபோது முன்வரிசைகளில் இருந்தவர்களில் அப்படிப்பட்டவர்களும் உண்டு. ஞானசவுந்தரியைப் பழங்கதை என்று தள்ளிவைக்க இந்த மண்ணில் யாருக்கும் மனம் வராது.

பக்கத்துச் சபையின் பாட்டு

கத்தோலிக்கர் நாங்கள் மற்றச் சபையாரின் கீர்த்தனைகளைப் போதிய அளவு கேட்பதில்லை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் அடியாரின் கையில் வளர்ந்தவர். சரபோஜி மன்னரோடு சேர்ந்து படித்தவர். குறவஞ்சி என்ற நாட்டு வடிவத்தை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அவருடைய கீர்த்தனைகள் தென்னிந்திய, யாழ்ப்பாணத் திருச்சபைகளின் ஞாயிறு ஆராதனையில் இன்றைக்கும் ஒலிக்கின்றன. வயலின், மிருதங்கத்தோடு பாடிய பதிவுகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். விசைப்பலகையில் நான்கு சுரக்கட்டுக்குள் அடைத்துவைத்த பதிவில் இராகத்தின் வளைவுகள் எல்லாம் நேர்கோடாகிவிடும்.

அதே பெயர் கொண்ட மற்றவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கர். பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அதற்கு ஓராண்டு முன்னால், 1878இல், சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை வெளியிட்டார். கடவுளை எந்தச் சமயப் பெயராலும் சுட்டாமல் பாடியவை. கருநாடக இசைக் கச்சேரிகளில் கடைசிப் பகுதியில் இவற்றில் ஒன்றிரண்டு வந்துவிட்டுப் போகும். பாடுபவர் ஒரு கத்தோலிக்கரின் பாட்டைப் பாடுகிறார் என்பது சபையில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. 2018இல் கிறிஸ்தவப் பாடல் பாட ஒப்புக்கொண்ட கருநாடக இசைப் பாடகர்கள் மிரட்டப்பட்டபோது, டி.எம். கிருஷ்ணா இனி மாதம் ஒரு பாட்டு இயேசுவைப் பற்றியோ அல்லாவைப் பற்றியோ வெளியிடுவேன் என்று அறிவித்தார். அந்தத் துணிவை மதிக்கிறேன். ஆனாலும் நெடுங்காலமாகவே அதே மேடையில் ஒரு கத்தோலிக்க முன்சீப்பின் பாட்டு இருந்துவந்திருக்கிறது என்பதை அந்தச் சண்டையில் யாராவது உரத்துச் சொல்லியிருக்கலாம்.

இன்றைய துதிப்பாட்டுத் தொகுப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளைஞர் கேட்பது பெரும்பாலும் இவற்றைத்தான். பெர்க்மான்ஸ் அடிகளாரின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் நாற்பது தொகுதியைத் தாண்டிவிட்டன. முன்னாள் கத்தோலிக்கக் குருவான அவருடைய பாட்டுகள் சபை எல்லையை எல்லாம் கடந்து, எங்கள் செபக் குழுக்களிலும் பாடப்படுகின்றன. காரணம் தெளிவு: எளிய மெட்டு, சிறிய அடி, இரண்டாம் முறையிலேயே முழுக் கூட்டமும் சேர்ந்து பாடிவிடலாம். அது சின்ன வித்தை அல்ல. கூட்டமாகப் பாட ஆசைப்படுகிறவர்களுக்கு அவற்றைத் தயங்காமல் சொல்வேன். அவரைப் பார்த்து வந்த பல தொகுப்புகளில்தான் எனக்கு மனம் ஒட்டவில்லை. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வெற்றி, ஆசீர்வாதம், உயர்வு. தாளம் ஒரு கணம் ஓய்வதில்லை. 2017இலிருந்து வீதியோரப் பந்தலில் காணாமற்போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அந்தத் தொகுப்பில் உட்கார ஓர் இடம் இல்லை. அவள் விசுவாசம் குறைந்தவளா? இல்லை. அவளுக்காக யாரும் பாட்டு எழுதவில்லை, அவ்வளவுதான்.

பாலாவிக் கரையிலிருந்து புடாபெஸ்ட் வரை

மாந்தையிலிருந்துதான் மாதா மடுவுக்குப் போனாள். அதே மாதோட்டத்தில்தான் திருக்கேதீச்சரம் இருக்கிறது. பாலாவிக் கரையில் வீற்றிருக்கும் அந்த இறைவனைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். தருமபுரம் சுவாமிநாதன் பாடிய தேவாரப் பதிவுகளைத் தேடிக் கேட்டால், ஒரு குரல் பண்ணை எவ்வளவு பொறுமையாக விரிக்கலாம் என்று புரியும். நமது பாடகர் குழாங்களுக்கு அது ஒரு பாடசாலை.

இந்த மண்ணின் கத்தோலிக்கருக்கும் சைவருக்கும் இடையில் 2019 மார்ச்சில், சிவராத்திரி வேளையில், வீதி வளைவு ஒன்று தொடர்பாக நடந்த மோதல் எல்லாருக்கும் தெரியும். அதன் காயம் முழுதாக ஆறவில்லை. கிறிஸ்தவ வீடுகளுக்கு நான் சொல்லும் அடுத்த தொகுப்பு அந்தக் காயத்தை மனதில் வைத்தே: இளையராஜாவின் திருவாசகம், 2005.

அந்தத் தொகுப்பு வெளிவரக் காரணமாக இருந்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு. மணிலாவிலிருந்து ஒலித்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியில் இருந்த ஜெகத் கஸ்பார் அடிகளார். போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாத வீடுகளில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியை உயிர்ப்பித்து, சிற்றலையில் வேரித்தாஸ் கேட்ட தலைமுறை ஒன்று வடக்கில் இருக்கிறது. அவர் பின்னர் சென்னையில் தொடங்கிய தமிழ் மையம் இந்த இசைப் பணியை முன்னெடுத்தது. மாணிக்கவாசகரின் ஆறு பகுதிகளை எடுத்து, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு இளையராஜா இசையமைத்தார். திருவாசகத்தை 1900இல் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப்பும் கிறிஸ்தவக் குருதான். சைவத்தின் மிக நெகிழ்ந்த நூலை நூறாண்டு இடைவெளியில் இரண்டு கிறிஸ்தவக் குருமார் உலகத்துக்கு ஏந்திக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சிவபுராணத்திலிருந்து எடுத்த பகுதி ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும். அதிலிருந்து தொடங்குங்கள். தன்னைத் தாழ்த்திக்கொண்டு இறைவனின் முன் நிற்கும் மனிதனின் குரலில் இளையராஜா தொடங்குகிறார். பாடகர் குழாம் மெல்லப் பின்னால் சேர்ந்து, ஓர் இடத்தில் அலையாக எழும்பும். கிறிஸ்தவ ஆலயத்தில் வளர்ந்த காதுக்கு அந்தக் கூட்டுக்குரல் அந்நியமாக இருக்காது. எங்கள் வீட்டுக் குரலில் பக்கத்து வீட்டுச் செபம் கேட்கிற மாதிரி இருக்கும். "சைவப் பாட்டைக் கேட்பது பாவமா, பாதர்?" என்று கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் பதில் இது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு 1963 டிசம்பரில் வெளிவந்தபோதே ஒவ்வொரு நாட்டு மக்களின் இசை மரபையும் மதிக்கும்படி திருச்சபை கேட்டுக்கொண்டது. அயலவனின் அழுகையைக் காதுகொடுத்துக் கேட்பது நம் விசுவாசத்தில் எதையும் குறைக்காது. மாணிக்கவாசகர் அழுவதும் நமது 51ஆம் திருப்பாடல் அழுவதும் ஒரே தரையில் முழங்காலிட்டுத்தான்.

சிங்களத்திலும் ஒரு தொகுப்பு சொல்ல வேண்டும். மடுத் திருவிழாவுக்குச் சிலாபத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் வரும் மக்கள் மரத்தடிக் கூடாரங்களில் பாடும் பாட்டுகளை நாம் கேட்கிறோம்; பொருள் கேட்பதில்லை. மார்சலின் ஜயக்கொடி அடிகளார் (1902-1991) கத்தோலிக்கக் குரு, கவிஞர். 1983இல் மக்சேசே விருது பெற்றவர். சுனில் சாந்த கத்தோலிக்கர். சாந்திநிகேதனிலும் இலக்னௌவிலும் படித்துவிட்டு வந்து, இந்திய இராகங்களை அப்படியே பிரதி செய்யாமல் சிங்களத்துக்குத் தனி மெட்டைத் தேடியவர். 1952இல் வானொலியின் குரல் தேர்வை ஏற்க மறுத்ததால் ஒலிபரப்பிலிருந்து விலக வேண்டி வந்தது. இந்த இருவரும் சேர்ந்து லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' (1956) படத்துக்குப் பாட்டுச் செய்தார்கள். அதில் பக்திப் பாட்டு என்று எதையும் தேட வேண்டாம். கிராமமும் பிள்ளைகளும் மழையும் இருக்கின்றன. ஒரு குருவானவர் மண்ணை இவ்வளவு அன்போடு பார்த்திருக்கிறார் என்பதே போதும். மொழி புரியாவிட்டாலும் மெட்டு ஒரே நாளில் வாயில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு போலந்துத் தாய்

கடைசியாக, நான் ஆகக் கூடுதலானவர்களுக்குச் சொல்லியிருக்கும் தொகுப்பு. போலந்து நாட்டுக் கத்தோலிக்கரான ஹென்ரிக் குரெட்ஸ்கி 1976இல் எழுதிய மூன்றாம் சிம்பொனி. 'துயரப் பாடல்களின் சிம்பொனி' என்று பெயர். டோன் அப்ஷா என்ற பாடகி பாட, டேவிட் சின்மன் நடத்த, லண்டன் சின்பொனியெட்டா வாசித்த பதிவு 1992இல் வந்தது. பத்து இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. சாஸ்திரிய இசைத் தொகுப்புக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத எண்ணிக்கை.

மூன்று பகுதிகளும் மெதுவானவை. மூன்றிலும் ஒரே பெண் குரல். முதலாவதில் 15ஆம் நூற்றாண்டுப் புலம்பல்: சிலுவையில் சாகும் மகனிடம் மரியாள் பேசுகிறாள். இரண்டாவதில் 1944இல் நாசிகளின் சிறைச் சுவரில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி கீறிவைத்த செபம். தாயை அழவேண்டாம் என்று தேற்றிவிட்டு, விண்ணக அரசியிடம் தன்னை ஒப்படைக்கிறாள். மூன்றாவது நாட்டுப் பாட்டு: போராட்டத்தில் கொல்லப்பட்ட மகனைத் தேடும் தாய். உடல் எங்கே கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எங்கே கிடந்தாலும் பறவைகளும் பூக்களும் அவனுக்குத் துணை இருக்கட்டும் என்று கேட்கிறாள்.

மாதா, சிறையில் கிடந்த பிள்ளை, மகனின் உடலைத் தேடும் தாய். இந்த வரிசையை மன்னாரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை காணாமற்போனவர்களின் கணக்கைக் கேட்டுக்கொண்டே ஓய்வுபெற்று, 2021இல் இறந்தார். கேள்வி அப்படியே நிற்கிறது.

இதைக் கேட்கும் முறை ஒன்று உண்டு. கைப்பேசியின் ஒலிபெருக்கியில் போட்டால் முதல் சில நிமிடம் ஒன்றும் கேட்காது. ஆகக் கீழான நரம்புக் கருவிகளில்தான் தொடங்குகிறது. காதுக்குள் செருகும் கருவியோடு, அல்லது நல்ல பெட்டியில் கேளுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் குரலே வராது. ஒரு கருவி தொடங்கியதை அடுத்தது பிடித்து, அதை அடுத்தது பிடித்து, மேலே மேலே ஏறி வரும். அவசரப்பட்டுத் தள்ளிவிட வேண்டாம். அந்தக் காத்திருப்பு முடிந்து குரல் வரும்போதுதான், அது எதற்காகக் காத்திருந்தது என்று தெரியும்.

ஒன்று விடுபட்டுப்போகிறது. பாக்குக்கும் குரெட்ஸ்கிக்கும் நூறு நல்ல பதிவுகள் இருக்கின்றன. யாராவது அழித்தாலும் அவை அழியாது. நம் ஊர் வியாகுலப் பிரசங்கத்தை இழுத்துப் பாடத் தெரிந்த அம்மா ஒருவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருக்கும். கூத்து மெட்டுகளை ஏடு பார்க்காமல் பாடக்கூடிய அண்ணாவியார் ஊருக்கு ஒருவர் மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம். பாட்டுக் கேட்க இணைப்புக் கேட்கிற பிள்ளைகளிடம் நான் இப்போது திருப்பிக் கேட்பது இதைத்தான்: உங்கள் கையில் இருக்கிற அதே கைப்பேசியில் நீங்கள் ஒரு தொகுப்புச் செய்து தாருங்கள்.

அதற்குக் கலையகம் தேவையில்லை. தவக்காலத்தில், பாடும் இடத்திலேயே, ஊரோடு சேர்த்துப் பதியுங்கள். அம்மாவைத் தனியாக அறையில் உட்காரவைத்தால் அவருக்குப் புலம்பல் வராது. கைப்பேசியை ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல், பாடுபவருக்கு இரண்டு முழம் தள்ளி ஒரு துணியின் மேல் வையுங்கள். விமானப் பயண நிலையில் போட்டுவிட்டால் நடுவில் அழைப்பு வந்து குழப்பாது. மூன்று நிமிடத் துண்டாக வெட்ட வேண்டாம், முழு இரவையும் எடுங்கள். இருமலும் குழந்தை அழுகையும் இருந்தால் இருக்கட்டும். முதலில் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். முடிந்ததும் பாடியவர் பெயர், ஊர், யாரிடம் படித்தார், எந்த ஆண்டு என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்து அதையும் பதியுங்கள். பின்னணி இசை சேர்க்க வேண்டாம். பிறகு ஒரு பிரதி பாடியவர் வீட்டில், ஒரு பிரதி பங்கு அலுவலகத்தில், ஒரு பிரதி ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திக் காக்கும் நூலகம் நிறுவனத்தில். சாம்பல் புதனுக்கு முந்திய வாரமே போய்ப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குத் தொண்டையைப் பழக்க நாள் வேண்டும்.